அம்மி பறந்த ஆடி

ஆளில்லாத தூரி ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. புளியமரம். இரண்டு வடக்கயிறு. குறுக்கே ஓர் உலக்கை. வாய்க்கால் மேட்டிலிருந்து வரும் காற்று அதைத் தள்ளுகிறது, விடுகிறது, மறுபடி தள்ளுகிறது.

ஊஞ்சல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கோபிப் பக்கம் எங்களுக்கு அது தூரி. ஆடி பதினெட்டு நோம்பிக்கு முந்தின நாளே கட்டிவிடுவோம். முதல் ஆட்டம் காற்றுக்கு. விடிந்த பிறகுதான் பெண்களுக்கு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கும், நவமணி பறக்க மாட்டாள் என்று எங்கள் தெருவில் சேர்த்துச் சொல்வார்கள். நவமணி நான்தான். சொன்னவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்கள்.

சின்ன வயதில் ஓர் ஆடிக்கு உலக்கையில் கை வைத்தேன். எதிர்வீட்டுப் பழனாத்தா பெரியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். "கெளை தாங்காது கண்ணு. நீ பொறகால நின்னு தள்ளி உடு."

திட்டவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். பிரியமாகச் சொன்னதால் பதில் பேச முடியவில்லை.

அன்றிலிருந்து நான் தள்ளிவிடுகிறவள். நான் தள்ளினால் பாவாடை போய்ப் புளிய இலையைத் தொடும். தெருவில் ஒருத்தி விடாமல் எல்லோரையும் பறக்க வைத்திருக்கிறேன். அவர்கள் கத்துவார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன்.

போன ஆவணியில் கோயமுத்தூரில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. மழை நாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சர்க்கரை வந்திருந்தது. முட்டி போயிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். வயிற்றைச் சின்னதாக்கிவிடலாம் என்றார் டாக்டர். வேறு வழி இல்லீங்களா என்று அம்மா கேட்டாள். மற்ற வழியெல்லாம் நான் ஏற்கெனவே போய்த் திரும்பியவை.

என் வயிறு இப்போது ஒரு பூவன்பழம் அளவு. பாதி இட்லி. அதையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாடு தனி, தண்ணீர் தனி. அவசரப்பட்டால் கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். காலையில் மாத்திரை, மாலையில் மாத்திரை, சாகும்வரை மாத்திரை.

சீப்பு நிறைய முடி வந்தது. சித்திரை வெயிலில் குளிர் எடுத்தது. கையைத் தூக்கினால் தோல் தொங்குகிறது, ஆள் காலி செய்த வீட்டில் விட்டுப்போன திரைச்சீலை மாதிரி.

கதவுக்குள் இன்னும் பக்கவாட்டில்தான் நுழைகிறேன். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். உடம்பு போய்விட்டது. அதன் பழக்கம் போகவில்லை.

ஆனால் இரவில் படுக்கிறேன். மல்லாந்து படுக்கிறேன். ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்கிறேன். இதற்காக இன்னொரு வயிற்றையும் கொடுப்பேன்.

பிறகு ஊர் மாறியது. நான் மாறினேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ மாறியது ஊர்தான்.

நான் கோபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் டவுன் பஸ். என் பக்கத்து இடம் எப்போதும் கடைசியில்தான் நிரம்பும். இப்போது முதலில் நிரம்புகிறது. ரெண்டு டிக்கெட்டுங்களா என்று கேட்ட அதே கண்டக்டர், பாத்து எறங்குங்க மேடம் என்கிறார்.

உங்க அளவுக்கு வராதுங்க என்று நிமிர்ந்தே பார்க்காத ஜவுளிக்கடைப் பெண், மேல்தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் போடுகிறாள். கல்யாணப் பேச்சை மறந்தே போயிருந்த ஒரம்பரைச் சொந்தங்கள் ஜாதகம் கேட்டு போன் செய்கிறார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஜவுளிக்கடைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்காக ஒரு அம்மா விட்டுக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த அன்பில் கொஞ்சத்தை அவளுக்கும் கொடுத்திருக்கலாம். அந்தப் பழைய நவமணிக்கு. அதே கண். அதே குரல். கால்வலியோடு நின்றவள் அவள்தான்.

எப்படி இளைத்தாள் என்று தெரு கேட்டது. அம்மா முந்திக்கொண்டாள். "கொள்ளுத்தண்ணிங். வேறொண்ணுமில்ல."

அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். வயிற்றை அறுத்துக்கொண்டவள் என்பார்கள். பிள்ளை பிறக்குமா என்பார்கள். வந்த ஜாதகம் திரும்பிப் போகும். கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று பழமொழியே இருக்கிறது. நம்பாமல் எங்கே போவார்கள்?

நானும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாய்க்குப் பயம் எனக்கும் உண்டு.

வைகாசியில் எங்கள் தெருவே கொள்ளு நாற்றம். காலையில் வீட்டுக்கு வீடு குக்கர் விசில். மளிகைக்கடையில் கொள்ளு மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. ஊரில் குதிரை இருந்திருந்தால் பட்டினி கிடந்திருக்கும். பழனாத்தா பெரியம்மாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். எங்கள் வீட்டுக்குள் நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

பரிமளா வந்ததும் சிரிப்பு நின்றது.

பரிமளா இரண்டு வீடு தள்ளி. என் வயது. என் பழைய அளவு. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அப்படி ஆனாள். நவமணியப் பாரு, நவமணியப் பாரு என்று அவள் மாமியார் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வாராம். என் பேரைச் சொல்லி ஒருத்தியின் தட்டில் சோறு குறைகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அளவு மட்டும் சொல்லு புள்ள. ஒரு நாளைக்கு எத்தன டம்ளரு?"

அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு மாதிரி, வெறும் தண்ணியில இருக்காத, சோறும் சாப்பிடு என்று எதையோ சொன்னேன். பரிமளா என் இடுப்பைப் பார்த்தாள். நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஆனி போனது. அவள் கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. சோற்றை விட்டுவிட்டாளாம். அவள் வாசலைக் கடக்கும்போது நான் நடையை வேகமாக்கினேன்.

ஆடி பதினெட்டு. வானம் மூடியும் திறந்தும் விளையாடியது. வாய்க்காலில் புதுத்தண்ணீர். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குப்போசிகளோடு பெண்கள் புளியமரத்துக்கு வந்தார்கள்.

நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன். பழனாத்தா பெரியம்மா என்னைக் கைப்பிடித்து முன்னால் இழுத்தார். அதே கை. "வா கண்ணு. இன்னிக்கு நீதான் மொதல்ல."

உலக்கையை அவரே பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தேன். எத்தனை ஆடி காத்திருந்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அந்த எரிச்சல்கூட இனித்தது.

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "பரிமளா, நீ பொறகால நின்னு தள்ளி உடு. உனக்குத்தான் பலம்."

ஒரு கை என் முதுகில் பட்டது. மேலே போனேன். வாய்க்கால் தெரிந்தது. வயல் தெரிந்தது. சாரல் முகத்தில் விழுந்தது. கத்தினேன். இத்தனை வருஷமும் கத்தாததற்கெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

திரும்பி வந்தேன். மறுபடி அந்தக் கை. இம்முறை அதில் பலம் இல்லை. சில்லிட்டு, வேர்த்து இருந்தது.

அடுத்த முறை திரும்பி வந்தபோது கை இல்லை.

காலை ஊன்றித் தூரியை நிறுத்தினேன். கால்விரல் தோல் உரிந்தது. பரிமளா மண்ணில் விழுந்து கிடந்தாள். என் முதுகில் அவள் கையின் ஈரம் இன்னும் இருந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் தெளித்தார்கள். முந்தானையால் விசிறினார்கள். கண் மெல்லத் திறந்தது. "கொள்ளுத்தண்ணியிலயே இருக்கறா, மயக்கம் வராதா?" என்றார் பழனாத்தா பெரியம்மா. "இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்க அம்மிணி. நவமணியாட்ட ஆயிருவ."

பரிமளா தலையாட்டினாள். மண்ணில் கிடந்தபடி, சரி என்று தலையாட்டினாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"கொள்ளு இல்லீங் பெரியம்மா. ஆபரேஷன். என்ற வயித்துல முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டாங்க."

புளிய இலைகள் எங்கள் மேல் உதிர்ந்தன. பிறகு யாரோ ஒருத்தி சொன்னாள். "அப்ப சும்மா ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சதுக்கா இத்தன பவுசு?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். பாதி இட்லியைச் சொன்னேன். கொல்லைப்பக்க ஓட்டத்தைச் சொன்னேன். கொத்தாகப் போன முடியைச் சொன்னேன். ரவிக்கைக் கையை ஏற்றித் தொங்கும் தோலைக் காட்டினேன். "மூச்சு விடறதுக்காகச் செஞ்சுக்கிட்டேங். உங்க கண்ணுக்காக இல்ல. முன்னாடி இருந்தவளும் நல்லவதான்."

அம்மா தூக்குப்போசியோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போட்டு உடைத்துவிட்டேன். இனி வீட்டுக்குப் போய் என்ன பேசுவது?

அம்மா வந்து பரிமளாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள்.

"என்ற புள்ள தூங்குனா மூச்சு நின்னு நின்னு வரும். அடுத்த மூச்சு வருமான்னு பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருப்பேன். பொழைக்கோணும்னு நாந்தான் சரீன்னேன். கொள்ளுன்னு சொன்னதும் நாந்தான். பேசறதா இருந்தா என்னையப் பேசுங்க." பிறகு குரல் இறங்கியது. "நீ வாயத் தொற சாமி. சாப்புடு."

பரிமளா வாயைத் திறந்தாள். சாப்பிட்டாள். அழுதுகொண்டே, வெட்கப்படாமல், பசித்த பிள்ளை சாப்பிடுவதுபோல் சாப்பிட்டாள். எத்தனை உருண்டை என்று யாரும் எண்ணவில்லை.

"அப்ப நான் மூக்கப் புடிச்சுட்டுக் குடிச்சது?" என்றார் பழனாத்தா பெரியம்மா.

"வாயுதான் மிச்சமுங்" என்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மரத்தடியே சிரித்தது. அம்மா சிரித்தாள். பவுசு என்றவள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாளைக்கு வேறு மாதிரிப் பேசுவார்கள், தெரியும். பேசட்டும்.

வெயில் சாய்ந்தது. பரிமளாவின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நாளை மறுநாள் கோபியில் டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு எது வேண்டும், எதுவும் வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். தெரு சொல்லக் கூடாது.

தூரி காலியாக இருந்தது. "ஏறு" என்றேன்.

"கெளை தாங்காது புள்ள."

அவளே சொன்னாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தேவையில்லாமல் வளர்த்துவிட்டிருக்கிறார்கள்.

உலக்கையின் ஒரு பக்கம் நான் உட்கார்ந்தேன். மறுபக்கம் அவளை இழுத்து உட்கார வைத்தேன். தோளோடு தோள். கயிறு விறைத்தது. கிளை ஒருமுறை முனகியது. பெண்கள் அண்ணாந்து கிளையைப் பார்த்தார்கள்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். இரண்டு கைகள், ஒன்று என் முதுகில், ஒன்று அவள் முதுகில். வயதான கைகள். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பழனாத்தா பெரியம்மா தள்ளினார்.

போனோம். வந்தோம். இன்னும் மேலே போனோம். பரிமளா கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும். "அம்மி பறக்குது புள்ள!" என்று கத்தினாள். "அம்மி பறக்குது!"

கிளை தாங்கியது.

நானும் அவளும் சேர்ந்தால் பழைய என்னைவிடக் கனம். சேர்ந்தேதான் உட்கார்ந்திருந்தோம். தாங்கியது. அப்படியென்றால் அன்றைக்கும் தாங்கியிருக்கும். நான் உலக்கையில் கை வைத்த அந்த முதல் ஆடியிலும் தாங்கியிருக்கும். மரத்தை யாரும் கேட்கவே இல்லை. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

பொழுது இறங்கியதும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் கவனித்தேன், கதவுக்குள் நேராக நுழைந்திருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். ஆளில்லாத தூரி ஆடிக்கொண்டிருந்தது. காற்று தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது.

ஆளில்லை என்று சொல்லக் கூடாது. அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பிய சின்ன நவமணி, பாவாடையைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, இரண்டு கயிற்றையும் இறுகப் பிடித்தபடி. இருட்டும்வரை ஆடினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.