வவுனியாவிலிருந்து வந்த கன்டெய்னர்

பிரிஜெட் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் கணவன் டிரேவர் "ஏதோ எக்ஸ்போர்ட் சம்பந்தமா" என்று சொல்லி முடித்துவிடுவான். விளக்குவது அவளுக்கும் சிரமம்தான். அண்டை நாடுகளுக்கு இடையே சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருந்தாள். இலங்கையில் ஓர் உணவுப் பொருளைச் சோதித்துச் சான்று கொடுத்தால் இந்தியா அதை ஏற்க வேண்டும். இங்கே கொடுத்தால் அவர்கள் ஏற்க வேண்டும். ஒரே பொருளை இரண்டு கரையிலும் சோதித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த ஓர் உடன்பாட்டுக்காகத்தான் அவள் பல வருடங்களாக பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போய்வந்து கொண்டிருந்தாள்.

கடைசியில் கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று மாலையே அவளுடைய மேலாளர் ப்ரஹ்லாத் கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழர்களோடு தமிழில் பேச ஆசைப்படுவார்.

"விழா அன்னிக்கே புது முறைல ஒரு கன்டெய்னர் போர்ட்ட விட்டு வெளிய வரணும். போட்டோ வேணும். இல்லன்னா எல்லாம் வெறும் பேப்பர்தான்."

பிரிஜெட்டுக்கு வதனியின் நினைவு வந்தது. கொழும்பில் நடந்த ஒரு பயிற்சியில் பழக்கமானவள். வவுனியாவுக்கு வெளியே சின்னத் தொழிற்சாலை ஒன்று வைத்திருந்தாள். பிஞ்சுப் பலாவைச் சீவி, ஆவியில் அவித்து, உறையில் அடைத்து, பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கிக் குளிரில் வைத்து விற்பாள். சுற்று வட்டாரப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். இறைச்சியை விட்டுவிட்டுப் பலாக்காய் பிரியாணி தேடும் பெங்களூர்க்காரர்களுக்காக இங்குள்ள கடைக்காரர் ஒருவர் அதை வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் பலா சீக்கிரம் கெட்டுப்போகும். சோதனைக்காகக் காத்திருந்தால் பாதி ஆயுள் துறைமுகத்திலேயே போய்விடும்.

"அக்கா, முதல்ல கையெழுத்து விழட்டும். பிறகு அனுப்புறன்" என்றாள் வதனி.

"தேதி சொல்லிட்டாங்க வதனி. ரெண்டு பக்கமும் ஓகே பண்ணிட்டாங்க. உன்னோடதுதான் ஃபர்ஸ்ட் கன்டெய்னர்."

"நீங்க சொல்றீங்கள் எண்டா சரி அக்கா."

சரக்கு கப்பலேறி வந்து துறைமுகத்தில் இறங்கியது. விழாவுக்கு முந்தின நாள் பிரிஜெட் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் கையெழுத்து ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். அவள் இறங்க வேண்டிய நிலையம் கடந்து போனது. அடுத்ததில் இறங்கி, நடைமேடையிலேயே நின்று ஒவ்வொருவராக அழைத்தாள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

உடன்பாடு இல்லையென்றால் பழைய விதிதான். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது. துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் முகவர் ரெமிஜியஸ் தினமும் பேசினார்.

"மேடம், ஆபீசர் நல்ல மனுஷன். ஆனா கையில ஆர்டர் இல்லாம அவரு எப்படி விடுவாரு? நீங்களே பேசிப் பாருங்க."

பேசினாள். குரலைக் கேட்டதுமே அதிகாரிக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

"போன வருஷம் உங்க ட்ரெய்னிங்குக்கு வந்திருந்தேன் மேடம். ரொம்ப நல்லா எடுத்தீங்க. சரக்கு ஏன் தேங்கக் கூடாதுன்னு நீங்க காட்டின படமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு."

"அப்ப இது எவ்வளவு அவசரம்னு உங்களுக்கே தெரியும் சார்."

"தெரியுது மேடம். ஆனா அது இன்னும் சட்டம் ஆகலையே. நான் விட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. நன்றி சொல்லி வைத்தாள். ஆய்வகத்துக்கு எழுதினாள், அமைச்சக ஆட்களுக்கு எழுதினாள். எல்லோரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். டிரேவர் தட்டில் சோறு போட்டு மேசையில் வைத்தால், போனைப் பார்த்தபடி பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவாள்.

கடைசியில் சோதனை முடிவு வந்தது. பலாவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விற்பனைக்கு விட இன்னும் இத்தனை ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த நாள் கடந்திருந்தது. திருப்பி அனுப்பினாலும் அங்கே போய்ச் சேர்வதற்குள் வீணாகிவிடும். அழிப்பது ஒன்றுதான் வழி.

பிரிஜெட் வதனியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"விளங்குது அக்கா. அந்தப் பிளாஸ்டிக் கூடையளையாவது திருப்பி அனுப்ப ஏலுமே? நல்ல கூடையள். இஞ்ச திரும்ப வாங்கேலாது."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் பிரிஜெட். இந்தச் சின்ன விஷயமாவது நடக்கும் என்று நம்பினாள்.

"கூடையோட சேர்த்துத்தான் அழிக்கணும் மேடம். பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் ரெமிஜியஸ்.

அதையும் அவளே வதனியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ப்ரஹ்லாத் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆய்த்து, பிட்டுபிடு பிரிஜெட். ஆச்சு, விடு. நாம என்ன பண்ண முடியும்? ரிப்போர்ட்ல இதை ஒரு உதாரணமாப் போடலாம். உடன்பாடு ஏன் வேணும்னு இதைவிட நல்லா சொல்ல முடியாது."

போட்டார்கள். எழுதியதும் அவள்தான். பெயர் இல்லாமல், 'வட இலங்கையின் ஒரு பெண் சிறுதொழில் முனைவோர்' என்று. பெங்களூர்க் கடைக்காரர் வேறு எங்கோ பலா வாங்கத் தொடங்கினார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், அறிவிப்பு ஏதுமில்லாமல் உடன்பாடு கையெழுத்தானது. அலுவலகத்தில் மைசூர்பாக் கொடுத்தார்கள். எல்லோரும் பிரிஜெட்டின் கையைக் குலுக்கினார்கள். அவள் படிக்கட்டுப் பக்கம் போய் வதனியைக் கூப்பிட்டாள். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"வதனி, சைன் ஆயிடுச்சும்மா. இனிமே சரக்கு போர்ட்ல நிக்க வேண்டாம். நேரா வந்துடும்."

"ஓம் அக்கா, நல்ல விசயம். சந்தோசம்." அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "தொழிற்சாலைய மூடிப்போட்டன் அக்கா. என்னட்ட வேலை செய்த பிள்ளையளும் நானும் இப்ப உடுப்புத் தைக்கிற காமென்ட்ஸில வேலைக்கு நிக்கிறம். சூப்பர்வைசர் பாக்கிறார், பிறகு கதைக்கிறன் என்ன?"

அழைப்பு நின்றது. பிரிஜெட் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். உள்ளேயிருந்து ப்ரஹ்லாத் தலையை நீட்டினார்.

"பிரிஜெட், முதல் கன்டெய்னருக்கு ஆள் வேணுமே. உங்க வவுனியா லேடி இப்ப ரெடியா இருப்பாங்களா?"

"இல்ல சார்" என்றாள். அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வேறு யாரிடமோ கேட்கப் போய்விட்டார்.