ராமேஸ்வரத்துச் செலவு

இடது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. விரலை மடக்கினால் முழங்கைவரை இழுத்தது. கனகசுந்தரம் அந்தக் கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டபடி, வலது கையால் பற்றுச்சீட்டுகளைக் கிளாக்கர் பாக்கியரத்தினத்தின் முன்னால் தள்ளினான். கள்ளனோடு மல்லுக்கட்டி வந்த வீக்கம் என்றே திருகோணமலைப் பொலிஸ் நிலையத்தில் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது சோறு தின்றதால் வந்த வீக்கம்.

துறைமுகத்தில் செப்புக் கம்பி களவெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிண்ணியா ஜவாஹிர், வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடியிருந்தான். அதிராம்பட்டினத்தில் உப்பு மூட்டை சுமந்துகொண்டிருந்தவனை அங்கத்தைய பொலிஸ் பிடித்தது. இரண்டு அரசாங்கங்களும் மாதக்கணக்காகக் கடிதம் எழுதி முடித்தபின், வந்து கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டு பேர் போகவேண்டிய பயணம். ஒருவனுக்குத்தான் காசு அனுமதித்தார்கள். குடும்பப் பொறுப்பில்லாத கொன்ஸ்டபிள் என்று கனகசுந்தரத்தை அனுப்பினார்கள். பெண்சாதி பூரணி வவுனியாவில் தாயோடு போய் இருந்துவிட்டாள். மாதம் முடிய மணியோடர் போகும். பதில் வராது. அதைத்தான் பொறுப்பில்லை என்றார்கள்.

"இதென்ன, 'சகன் ஒன்று, ஆள் இரண்டு' எண்டு கிடக்கு?" பாக்கியரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கீழக்கரை ஆக்களின்ர கடை, ஐயா. பெரிய தட்டிலை சோத்தைப் போட்டுத் தருவினம். சுத்தியிருந்து சாப்பிடுறது."

"நீரும் கள்ளனும் ஒரே தட்டிலையோ?"

பக்கத்து மேசை ஆனந்தராசா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தான். "கலியாணச் சோறு போலை. ஆர் பொம்பிளை?"

"பகிடியை விடும்," என்றார் பாக்கியரத்தினம். "கைதிக்குச் சாப்பாடு வேறை, உத்தியோகத்தருக்குப் படி வேறை. ஒரு தட்டை நான் எப்பிடிப் பாதியாய் வெட்டுறது? மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பற்றுச்சீட்டுத் துண்டும் இல்லை. ஆளைப் பட்டினி போட்டனீரோ?"

"அவன் நோன்பு, ஐயா."

"அப்ப நீர்? உம்மடை மத்தியானத் துண்டு எங்கை? எப்ப தொப்பி போட்டனீர்?"

கனகசுந்தரம் அடுத்த துண்டைத் தள்ளினான். சொல்லி விளங்கப்படுத்தக்கூடிய விசயமாக அது இல்லை. கைதியைப் பொறுப்பெடுத்த முதல் நாள் மத்தியானம் அவன் ஒரு கடையில் போய் இருந்தான். அவனுடைய இடது கையும் ஜவாஹிருடைய வலது கையும் ஒரே விலங்கில். இலையில் சோறு வந்தது. பக்கத்தில் ஒருவன் எச்சிலைக்கூட விழுங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பிடிக்குமேல் இறங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கனகசுந்தரமும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டான். பொழுது பட்டதும் இருவருக்கும் ஒரு சகன். ஜவாஹிர் ஒவ்வொரு பிடியையும் வாய்க்குக் கொண்டுபோகும்போது கனகசுந்தரத்தின் இடது கையும் கூடவே எழும்பும், கூடவே இறங்கும். இரும்பு தோலை உரித்தது. விலங்கைக் கழற்றப் பயம். ஆனால் பல வருசத்துக்குப் பிறகு அவன் இன்னொரு ஆளோடு இருந்து சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

"சரி, அதைவிடும். ராமேஸ்வரத்திலை ஏன் இத்தினை நாள் அறை வாடகை?"

"கப்பல் ஓடேல்லை. காத்து."

"அதுக்கு ஆதாரம்?"

"காத்து, ஐயா."

"காத்திட்டைக் கையெழுத்து வாங்கினனீரோ?"

ஆனந்தராசா மறுபடி சிரித்தான். அங்கத்தைய பொலிஸ், "கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீங்க, இனிமே உங்க ஆளு" என்று கதவைச் சாத்தியதையும், கொடுத்தனுப்பிய முற்பணம் மூன்றாம் நாளே முடிந்ததையும் கனகசுந்தரம் சொன்னான். மிச்ச நாட்களை எந்தக் காசில் கழித்தான் என்று பாக்கியரத்தினம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

காசு ஜவாஹிருடையது. இடுப்பு வாருக்குள் தைத்து வைத்திருந்தான். சோதனையில் அது அகப்படவில்லை. கடைக்காரன் கடன் தர மாட்டேன் என்று சொன்ன அன்று அவன்தான் வாரைப் பிரித்தான்.

"நூத்தறுவது இருக்கு, ராளாமி. உப்புச் சுமந்த காசு. இப்ப செலவழிங்க, ஊருக்குப் போனதும் என்ட பொஞ்சாதிக்கிட்டத் திருப்பிக் குடுங்க. கோட்டுல எனக்காகப் பேச பிரக்கிராசிக்கு வெச்சது."

"அரசாங்கம் தந்த உடனை குடுக்கிறன்."

"அரசாங்கமா?" என்று கேட்டு ஜவாஹிர் சிரித்தான். பிறகு காசைக் கையில் வைத்தான்.

"இந்தத் துண்டுக் காசு கோட்டுக்கு முதல் வந்திடுமோ, ஐயா?" கனகசுந்தரம் கேட்டான்.

"கொழும்புக்கு அனுப்புறன். வராமல் எங்கை போகுது?" என்றார் பாக்கியரத்தினம்.

அந்தச் சொல்லை அவன் நம்பினான். நம்பியதால்தான் தன்னுடைய சைக்கிளை விற்று அந்தக் கடனைக் கொடுக்கவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து ஜவாஹிருடைய பெண்சாதி சித்தி பரீதா வந்தாள். குடாவுக்கு அந்தப்பக்கமிருந்து பாதைப் படகில் வந்து, பொலிஸ் குவாட்டர்ஸ் வேலிக்கு வெளியே முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஜவாஹிர்ட வீட்டுக்காரி. உங்கட கையில காசு இருக்காமே?"

"இருக்கு... இல்லை, வரும். மெல்லக் கதையுங்கோ, தங்கச்சி."

"பிரக்கிராசி ஐயா காசு வைக்காம கோட்டுக்கு வர மாட்டாராம். இன்னும் எட்டு நாள்தான் கிடக்கு."

கனகசுந்தரம் உள்ளே போய், பூரணிக்கு மணியோடர் அனுப்ப வைத்திருந்ததில் நாற்பது ரூபாயை எடுத்து வந்து கொடுத்தான். அவள் அதை எண்ணவில்லை, முந்தானையில் முடிந்தாள்.

"மத்ததுக்கு நான் திரும்ப வாறதா?"

"நான் கொண்டுவந்து தாறன்."

எட்டு நாளும் அவன் பாக்கியரத்தினத்தின் மேசையைச் சுற்றினான். ஒன்றும் வரவில்லை. கோட்டில் ஜவாஹிர் தனியே நின்றான். துறைமுகக் காவற்காரன் சாட்சி சொல்லும்போது முதலில் இருட்டு என்றான், பிறகு முகத்தைக் கண்டேன் என்றான். அதைப் பிடித்துக் கேட்க ஒருவரும் இல்லை. ஜவாஹிருக்குக் கேட்கத் தெரியவில்லை. இரண்டு வருசம் விழுந்தது.

வெளியே கொண்டுவந்து வண்டியில் ஏற்றும்போது கனகசுந்தரம் காவலுக்கு நின்றான். ஜவாஹிர் காசைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவனுடைய கையைப் பார்த்தான்.

"வீக்கம் வத்திட்டா, ராளாமி?"

"ஓம்," என்றான் கனகசுந்தரம்.

கொழும்பிலிருந்து பதில் அடுத்த மாதம் வந்தது. பாக்கியரத்தினம் அவனைக் கூப்பிட்டு இருத்தினார். அவர் குரலில் இந்த முறை பகிடி இல்லை.

"காசு வந்திட்டுது."

"எவ்வளவு, ஐயா?"

"உமக்கில்லை. பொலிசுக்கு. உமக்குத் தந்த முற்பணத்தை அரசாங்கம் பொலிசுக்குத் திருப்பிக் குடுத்திட்டுது. சகனையும் காத்தையும் வெட்டிப்போட்டாங்கள்."

"அப்ப என்ர கையாலை போனது?"

"அது உம்மடை கையாலை போனதுதான்."

அன்று பின்னேரமே சைக்கிளை விற்றான். கோட்டுக்கு முதலே விற்றிருக்கலாம். நூற்றிருபது ரூபாயைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாதைப் படகேறிக் கிண்ணியாவுக்குப் போனான். சித்தி பரீதா பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"மிச்சம் கொண்டுவந்தனான், தங்கச்சி."

"இனி என்னத்துக்கு? கோட்டு வழக்கு முடிஞ்சிட்டு."

"உங்களுக்குச் சிலவுக்கு..."

"என்ட சிலவுக்கு நான் பாய் இழைக்கிறன். அது அவர் சுமந்த காசு. அவர் வந்து உங்கக்கிட்ட வாங்கட்டும்." உள்ளே போய் அந்த நாற்பதையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் மண்ணில் வைத்தாள். "இதையும் கொண்டுபோங்க. பிரக்கிராசி இதுக்கு வாசல்லயும் நிக்க விடல்ல."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். இருக்கச் சொல்லுவாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் பன் புல்லைப் பிரித்து அடுத்த வரிசையைத் தொடங்கிவிட்டாள். குனிந்து காசைப் பொறுக்கினான்.

துறையில் பாதைப் படகுக்குக் காத்திருந்த சனம் ஆளுக்காள் கதைத்துக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டைக்காரனைக் கண்டதும் பேச்சு நின்றது. வாங்கில் அவனுக்கு மட்டும் இடம் விட்டு மற்றவர்கள் எழும்பி நின்றார்கள். இருக்காமல் கரையோரம் போய் நின்றான்.

ஜவாஹிருக்கு அவன் இன்னும் நூற்றறுபது ரூபாயும் கடன்.