மூன்றாவது டக்

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் லோவல் ஸ்டக்கிக்குக் கையைவிட வாய் நீளம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் மெக்கானிக்தான் பிரிக்க வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று சர்ச் விருந்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டவர். அதை நம்பித்தான் அவர் மனைவியின் தம்பி வெர்லின், பிக்கப் வண்டி நகராமல் போனதும் நேரே அவர் வீட்டு ஷெட்டுக்கு இழுத்து வந்தான். ஒன்பது மாதமாக வேலையில்லாமல் இருந்தவன். திங்கட்கிழமை நாற்பது மைல் தள்ளி ஒரு மர அறுவை மில்லில் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"திங்கட்கிழமைக்குள்ள ஆயிடுமா மாமா?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கே இதுல வா மாப்ளே."

பிரித்தார், கழுவினார், புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்து அடுக்கினார், கடையில் வாங்கிய புது எண்ணெய் பம்ப்பை மாட்டினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் கன்வெர்ட்டர். இரண்டு சட்டிகளை வாயோடு வாய் ஒட்டியது போன்ற கனத்த இரும்புக் கூடு அது; எஞ்சின் சுழல்வதைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது. திருகித் திருகிக் கியர்பாக்ஸின் வாய்க்குள் தள்ள வேண்டும். மூன்று படியாக இறங்கும், படிக்கு ஒரு டக். மூன்றாவது கேட்டால்தான் அது பம்ப்பின் பல்லைச் சரியாகக் கவ்வியது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை. வெர்லின் டார்ச் பிடித்தான்.

"ஒண்ணு," என்றார் லோவல். டக். "ரெண்டு." டக். அதற்கப்புறம் அரைமணி நேரம் திருகியும் அசையவில்லை. தோள்பட்டை விட்டுப்போயிற்று. மச்சினன் வேறு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "மூணு," என்றார்.

"கேட்டுச்சு மாமா," என்றான் வெர்லின்.

கியர்பாக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தால் நடுவே ஒரு விரல் இடைவெளி நின்றது. இறக்கி மறுபடி பார் என்று மனசு சொல்லத்தான் செய்தது. அவர் போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினார். இடைவெளி முனகிக்கொண்டே மூடியது. சாவியைத் திருப்பியதும் அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஏதோ உடையும் சத்தம். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

மறுபடி இறக்கிப் பார்த்தபோது பம்ப்பின் பல்சக்கரம் உடைந்து, உடம்பு விரிசல் விட்டிருந்தது.

"வாங்கும்போதே விரிசல் மாப்ளே. நம்ம தலையில கட்டிட்டாங்க." பொய் வெகு சுலபமாக வந்தது. வெர்லின் பம்ப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். வேண்டாமென்று தடுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் லோவல் தன் காரில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

உதிரிபாகக் கடையில் ஆர்டித் நின்றிருந்தாள். முப்பது வருஷமாக அதே கவுண்டரில் நிற்பவள்.

"ஓட்டைச் சாமானைக் கொடுத்து என் பொழப்புல மண்ணைப் போட்டீங்களேம்மா," என்று வெர்லின் கத்தினான். "திங்கட்கிழமை நான் எதுல போவேன்? முப்பது வருஷமா இதைத்தான் வித்துக்கிட்டிருக்கீங்களா?"

ஆர்டித்தின் கழுத்து சிவந்துபோயிற்று. பம்ப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு லோவலைப் பார்த்தாள்.

"எத்தனை டக் கேட்டுச்சு?"

அவர் வாயைத் திறக்குமுன் வெர்லின் முந்திக்கொண்டான். "மூணு. நான்தான் டார்ச் பிடிச்சேன், என் காதால கேட்டேன். எங்க மாமாவுக்கு எண்ணத் தெரியாதுன்னா சொல்றீங்க?"

வரிசையில் நின்றவர்களில் இருவர் சர்ச் விருந்தில் அவர் பேச்சைக் கேட்டவர்கள். அவர்கள்கூடப் பரவாயில்லை. கேட்காத சத்தத்தைத் தனக்காகக் கேட்டதாகச் சத்தியம் செய்கிறானே இவன், அதுதான் லோவலுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டுதான்," என்றார். "மூணாவது நான் கையால தட்டினது."

வெர்லின் அவரைத் திட்டவில்லை. ஆர்டித்திடம், "மன்னிச்சுக்குங்கம்மா," என்றான். பம்ப்பை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தான்.

லோவல் பின்னாலேயே போய்த் தன் கார் சாவியை நீட்டினார். "வண்டி தயாராகுற வரைக்கும் இதை வச்சுக்கோ மாப்ளே."

வெர்லின் காரைப் பார்த்தான். "இதுக்கு கியர்பாக்ஸ் யார் மாட்டினது?"

"கம்பெனியில," என்றார் லோவல், தலை நிமிராமல்.

வெர்லின் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். லோவல் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிடவில்லை.