மிச்சப் பாட்டு

“இது சினிமாப் பாட்டு இல்ல. நாங்களா கட்டுனது” என்று மேடையில் நின்றவன் மைக்கில் சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். மம்சாபுரத்தில் காளியம்மன் கோயில் பொங்கல். டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. எழுந்தவர்கள் வேட்டியை உதறியதில் மண் செல்லக்கனியின் மடியில் வந்து விழுந்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜரா அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தி, “கனிக்கா, இவன் புதுசு” என்றாள்.

பாடுகிறவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கறுத்து ஒல்லியாக இருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முதலில் ஆர்மோனியத்தை மட்டும் கொஞ்ச நேரம் வாசித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ‘சங்கூதும் முன்னாலே சாமந்தி பூத்திருக்கு, பறிக்க நேரமில்ல, பாத்துட்டுப் போறேன்டி’ என்று எடுத்தான். குரலில் லேசான கரகரப்பு. பெண் பாடவேண்டிய பாட்டை ஆண் பாடுகிறானே என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அதில் ஒரு ஒட்டுதல் இருந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும்போது மில் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற பதைப்பில், வழியில் எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பூவை செல்லக்கனி இப்படிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை ஒருத்தன் பாட்டாகக் கட்டுவான் என்று அவள் நினைத்ததே இல்லை. முதல் சரணம் முடியுமுன் மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. பின்னாலேயே மழையும் வந்தது. மைக்செட்காரர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். ஒலிபெருக்கிக் குழாய் ஒருமுறை கரகரத்து அடங்கியது.

இருவரும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைபார்த்தார்கள். ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, வெட்டி வரும் துணியை ரோலாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியிருந்தார்கள். செல்லக்கனிக்கு முப்பது வயது. புருஷன் தவசிமுத்து லாரி டிரைவர். பஞ்சு லோடு ஏற்றப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான். வந்தால் தூங்குவான். நல்ல மனுஷன்தான், ஆனால் பாட்டு என்றால் அவனுக்கு வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்க ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாஜராவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் அத்தா சேக் முகைதீன் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்தார். மகளைத் தனியாகக் கடைத்தெருவுக்குக்கூட அனுப்பாதவர், “கனி கூடன்னா போயிட்டு வா” என்று மட்டும் சொல்வார்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கோடை. சித்திரை பிறந்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, பொங்கல் என்று எங்கே மேடை போட்டாலும் புதிதாக ஒரு ஆள் பாடிக்கொண்டிருந்தான். சிவகாசி தீப்பெட்டி ஆபீஸில் வேலைசெய்யும் ஒரு பெண் ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் பாடினாள். கல்யாண பேண்ட் வாசிக்கிற ஒருவர் கிளாரினெட்டில் தாலாட்டு வாசித்து, முன்வரிசையில் இருந்த பிள்ளைகளை நிஜமாகவே தூங்கவைத்தார். கேசட் கடையில் கிடைக்காதவர்கள். ரேடியோவில் வராதவர்கள். ஊர் தாண்டினால் யாருக்கும் பெயர் தெரியாது. ஹாஜராவுக்கு அவர்கள்மேல்தான் ஆசை. ‘ஊரு பூரா கேட்ட பாட்ட நாம எதுக்குக்கா கேக்கணும்’ என்பாள். நோட்டீஸ் ஒட்டியிருந்தால் நின்று படித்து, அடியில் பொடி எழுத்தில் இருக்கிற பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து மறுநாள் மேசைக்கு எதிரில் உதட்டால் சொல்வாள்.

அந்தக் கோடையில்தான் மழையும் வந்தது. பகலெல்லாம் தார் உருகும் வெயில். விளக்கு வைக்கும் நேரம் ஆனால் மலை கறுத்துவிடும். பாதி மேடைகள் நனைந்துபோயின. ஹாஜராவுக்குக் கடையநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து, பக்ரீத் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். போட்டோவை அவள் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். “அவிய வீட்டுல ரெண்டு கேசட் போடுத டேப்ரெக்கார்டர் இருக்காம்க்கா” என்றாள். முகமெல்லாம் பூரித்திருந்தது. செல்லக்கனியும் சிரித்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் சுற்றிய ரோல்கள் எல்லாம் தளர்ந்துபோய், சூப்பர்வைசர் பாதியைத் திரும்பச் சுற்றச் சொன்னார்.

மம்சாபுரத்தில் பாதியில் நின்ற பாட்டு இருவரையும் விடவில்லை. மிச்சம் எப்படிப் போகும் என்று மேசையில் இதே பேச்சு. “கடைசியில அந்தப் பூவப் பறிச்சி தலையில வச்சிருவா பாரு” என்பாள் ஹாஜரா. “வெயிலுக்கு வாடிப் போயிருக்கும்ட்டி” என்பாள் செல்லக்கனி. “நீ சொன்னா வாடத்தான் செய்யும்” என்று அவள் கோபித்துக்கொள்வாள்.

பத்து நாள் கழித்து ராஜபாளையத்திலேயே ஒரு தெருப்பொங்கலுக்கு அதே குழு வந்தது. இவர்கள் போய் உட்கார்ந்து, தபேலாவுக்குச் சுருதி சேர்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே தூறல் வலுத்துவிட்டது. சாத்திக் கிடந்த ஒரு டீக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். அதே தாழ்வாரத்துக்கு, ஆர்மோனியத்தைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனும் வந்து நின்றான். ஹாஜரா செல்லக்கனியை இடித்தாள். கடைசியில் ஹாஜராவே கேட்டாள்.

“அண்ணே, அந்தச் சாமந்திப் பாட்டுக்கு மிச்சம் இருக்கா?”

அவன் திரும்பி, யாரையோ கேட்கிறாள் என்பதுபோல் பின்னால் பார்த்தான். பிறகு சிரித்தான். “அதக் கேட்டியளா? எங்க?”

“மம்சாபுரத்துல. ஒரு சரணம் பாடுனிய.”

“மூணு சரணம் இருக்கு. எங்க அக்கா மில்லுக்குப் போனவ. அவளப் பாத்துக் கட்டுனது.” அவன் பெயர் கருத்தப்பாண்டி. வத்ராப்பில் சைக்கிள் கடையில் வேலை.

“இங்கனயே பாடுங்களேன். மழைதான் விடலியே” என்றாள் ஹாஜரா.

அவன் ஆர்மோனியத்தைத் தடவிப் பார்த்தான். “பெட்டி நனைஞ்சிருக்கு. வெறும் வாயில பாடுனா அது வேற மாதிரிப் போயிரும். அடுத்த வாரம் கான்சாபுரத்துல கொடை. எங்க சனம் இருக்கிற ஊரு. அங்க மொத பாட்டே அதான். வாங்க.”

கான்சாபுரத்துக்குப் போகலாமா என்று செல்லக்கனி யோசித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பஸ் மாறவேண்டும். பொழுது சாய்ந்தபிறகு திரும்பும் பஸ்ஸை நம்பமுடியாது. “வேண்டாம்ட்டி, தூரம்” என்று சொல்லிப் பார்த்தாள். “பொறவு எப்பக்கா?” என்று மட்டும் ஹாஜரா கேட்டாள். செல்லக்கனியே வளையல் கடைக்குப் போய் சேக் முகைதீனிடம் அனுமதி வாங்கினாள்.

அன்று வத்ராப்பைத் தாண்டும்போதே பிளவக்கல் பக்கம் வானம் மசியாக இறங்கியிருந்தது. ஊருக்கு முந்திய ஓடையில் செந்தண்ணீர் ரோட்டுக்குமேல் புரண்டு ஓடியது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார். “வடியட்டும்” என்றார். வடியவில்லை. ஜன்னல் படுதாவைத் தூக்கிக்கொண்டு இருவரும் இருட்டையே பார்த்திருந்தார்கள். ஒருதரம், இடிக்கும் இடிக்கும் நடுவில், எதிர்க்கரையிலிருந்து ஆர்மோனியச் சத்தம் ஒரு இழை வந்தது. ஹாஜரா எழுந்து நின்றேவிட்டாள். “அதான்க்கா! அதேதான்!” அவள் செல்லக்கனியின் தோளைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. காற்று திரும்பியது. அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான்.

பஸ் வந்தவழியே திரும்பி, ஊர் வந்து சேரும்போது கடைத்தெரு அடங்கியிருந்தது. சேக் முகைதீன் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து கடையநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சேலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெண்ணைக் காணாமல் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. மகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டார். செல்லக்கனியைப் பார்த்து, “ஒன்ன நம்பித்தாம்மா அனுப்புனேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். குடை போனபிறகும் அவள் அங்கேயே நனைந்துகொண்டு நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மேசைக்கு எதிரில் வேறொரு பெண் இருந்தாள். அய்யம்மாள் என்று பெயர். சுறுசுறுப்பானவள். ஆனால் பேசவேண்டுமென்றால் எழுந்துவந்து காதுக்குள் கத்தினாள். செல்லக்கனி அவளுடைய உதடுகளைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். தவசிமுத்து அந்த வாரம் வந்திருந்தான். “ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு?” என்று கேட்டான். “கூட வேல பாத்தவ நின்னுட்டா” என்றாள். “அதுக்கா?” என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் ஒரு கிளீனர் நின்னப்ப அப்படித்தான் இருந்துச்சி” என்றான். அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். அதற்குள் அவன் தூங்கியிருந்தான்.

வைகாசி முடியப்போகிற சமயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸில் கருத்தப்பாண்டியின் பெயர் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. செல்லக்கனி தனியாகப் போனாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. காற்றுகூட இல்லை. அவன் முதல் பாட்டாக அதை எடுத்தான். கூட்டம் வழக்கம்போல் சலித்தது. நாலு பேர் எழுந்து போனார்கள். இவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். இரண்டாம் சரணத்தில் பூ வாடவில்லை. யாரும் பறிக்கவும் இல்லை. மூன்றாம் சரணத்தில் அந்தப் பெண் மில்லை விட்டு நின்றுவிடுகிறாள். இப்போது நேரம் இருக்கிறது, பூவும் இருக்கிறது, பக்கத்தில் போய் உட்காரவும் செய்கிறாள். ஆனால் தூரத்தில் சங்கு ஊதியதும் கால் தன்னால் எழுந்து தெருவுக்கு வருகிறது. அவ்வளவுதான். பாட்டு அங்கே நின்றது. ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம், வழி தெரியாததுபோல் நடந்தது. செல்லக்கனிக்கு அழுகை வரவில்லை. ‘ரெண்டு பேரு சொன்னதுமே தப்புட்டி’ என்று சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒருத்தியின் முழங்கையைப் பிடித்துவிட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் பாட்டை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சொல் தவறாமல் ஹாஜராவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மெட்டு மட்டும் அவள் வாயில் நிற்கவில்லை. வேறு மாதிரிப் போனது.

மறுநாள் சாயங்காலம் ஹாஜரா வீட்டுக்குப் போனாள். பக்ரீத் முடிந்து கல்யாண வீடு நிரம்பியிருந்தது. சேக் முகைதீன் வாசலில் பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, “உள்ள போம்மா, அவ ஒன்னத்தான் கேட்டுக்கிட்டு கெடக்கா” என்றார். உள்ளே ஹாஜரா பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள், அழகாகவும் இருந்தாள். கிண்ணத்தில் மருதாணி அரைத்து வைத்திருந்தது. கூட்டத்தில் பேசமுடியாது. அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். செல்லக்கனிக்குத்தான் அது கேட்டது.

‘நோட்டீஸ் பாத்தேன். போனியாக்கா?’

‘போனேன்.’

‘மிச்சம் பாடுனானா?’

பாட்டில் வேலையை விட்டு நின்ற பெண்ணின் கால்கள் செல்லக்கனியின் கண்முன் வந்தன. எதிரே மருதாணி சிவந்த கையை மடியில் விரித்து, முகத்தை அண்ணாந்து காத்திருக்கிறாள் இவள்.

“மழ வந்துட்டுட்டி” என்றாள் வாய்விட்டு. “மேடையே ஏறல.”

ஹாஜராவின் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு புருவம் சுருங்கியது. “நேத்தா? இங்க ஒரு பொட்டு விழலியே. மாடியில வத்தல் காயப்போட்டது இன்னும் அங்கனதான் கெடக்கு.”

“அங்க மட்டும் பெஞ்சிது.”

“பன்னெண்டு கிலோமீட்டர்ல?”

“ஆமா.”

பக்கத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஹாஜரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா பெஞ்சிதோ?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நல்லா.”

“அப்பஞ் சரி” என்றாள். “இன்னும் மிச்சம் கெடக்கு.” செல்லக்கனியின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, கிண்ணத்திலிருந்து மருதாணியை எடுத்து உள்ளங்கை நடுவில் வட்டமாக அப்பினாள். விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் தொப்பி வைத்தாள். அவசரப்படவில்லை. “காயுத வரைக்கும் எதையும் பிடிச்சிராதக்கா” என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து செல்லக்கனி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். முந்தானை நழுவியது. இழுத்துவிட முடியவில்லை. இடது கையில் பை. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பிடித்திருந்தாள். ரோட்டோரம் சப்பட்டை மாம்பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்த கிழவி அந்தக் கையைக் கவனித்தாள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். அது நீலமாக, வெறுமனே கிடந்தது. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சாக்கை உதறி எடுத்து, பழங்களின்மேல் விரித்து மூடினாள்.