பஹீமாவின் பெயரோடு நின்றுபோன அறிவித்தல்

கல்லடிப் பாலத்தை ஒரு சாண் கீழே இறக்கியவன் நான்தான். கையில் கடப்பாரையும் இல்லை, வெடியும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தால் இறக்கினேன். அன்று காலை பாலத்தின் மேல் நாலாயிரத்து இருநூறு பேர், அறுநூறு சைக்கிள், நூற்றுப்பத்து ஓட்டோ. பாரம் தாங்காமல் பாலம் பதிய, வாவித் தண்ணீர் பொங்கி, புளியந்தீவில் ஒரு ஓய்வூதியக்காரரைச் சாய்மனைக் கதிரையோடு தூக்கி நாவற்குடாவில் கொண்டுபோய் இறக்கியது. மனிசன் நித்திரையால் எழும்பவில்லை.

"புளுகு," என்பான் நோபேட். "சரீப் சொல்றதில நூறுக்குத் தொண்ணூற்றெட்டைக் கழிக்கணும். மிச்சம் ரெண்டும் அவன்ட பேரும் ஊரும்."

நோபேட் மதுவரிப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவன். காட்டுக்குள் கஞ்சாத் தோட்டம் தேடிப் பிடித்து எரித்தே அவனுக்குத் தலை நரைத்தது. நான் முப்பத்திமூன்று வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். இளைப்பாறிய பிறகு, அதே கஞ்சாவில் செய்த எண்ணெயை டொக்டர் எழுதித்தர, நோயாளி பார்மசியில் வாங்கச் சட்டம் வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டு பேருக்கும் கல்லடியில் ஒரே தேத்தண்ணிக் கடை. அவன் என்னைக் 'கஞ்சா ஹாஜியார்' என்பான். நான் அவனை 'தீப்பெட்டி' என்பேன்.

விளையாட்டுக்கு இறங்கிய வேலை இல்லை அது. என் தங்கச்சி பஹீமாவுக்குப் புற்றுநோய். காத்தான்குடியிலிருந்து நாவற்குடா வரை தறியில் உட்காரும் பெண்களில் பாதிப்பேருக்கு நெசவு படிப்பித்தவள். ஊசி மருந்து ஏற்றிய நாளிலிருந்து அவள் வயிற்றில் கஞ்சித் தண்ணீர் கூடத் தங்காது, சத்தியாக வெளியே வந்துவிடும். முப்பத்தியெட்டுக் கிலோ. நான் என் கவுண்டரில் அள்ளிக் கொடுத்த சத்தி நிற்பாட்டும் மாத்திரைகள் எல்லாம் அவளிடம் தோற்றுவிட்டன. "இன்னும் ஒன்று இருக்கிறது, ஆனால் எனக்கு எழுத அனுமதியில்லை," என்றார் அவளுடைய டொக்டர்.

அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து ஒரு குழு மாவட்டம் மாவட்டமாக வந்தது. ஐந்து ஆஸ்பத்திரிகளில் அந்த எண்ணெயைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். எங்கள் மாவட்டம் பட்டியலில் இருந்தது. ஆனால் டவுன் மண்டபத்தில் வைக்கும் விசாரணை நாளில் குறைந்தது நூறு பேர் நேரில் வர வேண்டும். வராவிட்டால் 'மக்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதி வெட்டிவிடுவார்கள்.

எங்கள் மனுவில் முந்நூற்று நாற்பது கையெழுத்து இருந்தது. ஆனால் கையெழுத்து வேறு, முகம் வேறு. "ஒப்பம் வைப்பம் காக்கா. மூஞ்சியக் காட்டச் சொல்லாதீங்க. கஞ்சாக்கூட்டம் எண்டு போனா மகளுக்கு மாப்பிள்ளை வருமா?" என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் பதில் வந்தது. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

அதனால் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம் என்று நினைத்தேன். அறிவிப்பவர் ஸாஜித், நல்ல மனிசன், ஆனால் அவரிடம் இருப்பது ஒரே குரல். தொலைந்த பேர்ஸ், தண்ணீர் வெட்டு, பெருநாள் தொழுகை, மௌத்து என்கிற மரணச் செய்தி, எல்லாவற்றுக்கும் அதே இழுப்புத்தான். கஞ்சா என்ற சொல் கண்ணில் பட்டால் அவர் காகிதத்தைத் திருப்பித் தருவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே, பழக்கடைக்காரன் நல்ல மாம்பழத்தை மேலே வைப்பது போல, தங்கச்சியின் பெயரை மேலே வைத்து, அந்தச் சொல்லைக் கடைசி வரியில் ஒளித்தேன்.

"ஒளிக்காதீங்க காக்கா," என்றாள் பஹீமா. "ஒளிச்சாக் களவு எண்டுதான் நினைப்பாங்க."

நான் கேட்டேனா? இல்லை.

அன்று காலை எட்டு மணிக்கு நானும் அவளும் ஓட்டோவில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய்விட்டோம். எட்டரைக்கு ஸாஜித் வாசித்தார்: "காத்தான்குடி ஐந்தாம் குறிச்சியைச் சேர்ந்த, நெசவு ஆசிரியை, பஹீமா அவர்கள்…"

அந்த இடத்தில் கரண்ட் போனது.

எங்கள் ஊரில் அப்படித் தொடங்குகிற வாக்கியத்துக்கு ஒரே ஒரு முடிவுதான்: மௌத்து. கரண்ட் வரும் வரை ஒருவரும் காத்திருக்கவில்லை. தறிகள் நின்றன. கடைக் கதவுகள் இறங்கின. ஊரே அவள் வீட்டு வாசலுக்குப் போனால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு றபீக்கா, "காலையிலயே டவுன் மண்டபத்துக்குக் கொண்டு போயிட்டாங்க," என்றாள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மண்டபத்தின் மேல்மாடியில் பத்து மணிக்கு மொத்தம் பதினொரு பேர். அதில் மூன்று பேர் குழுவின் டிரைவர்மார். நோபேட் எதிர்ப்பு மனுவோடு முன்வரிசையில் சப்பாத்து மினுங்க உட்கார்ந்திருந்தான். குழுத் தலைவி ஒரு டொக்டர் அம்மா. நல்ல தமிழ் பேசினார். "எதிர்ப்பு மனு தந்த ஐயாவே வருகிறவர்களை எண்ணட்டும். பிறகு ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். பதினொன்றரை வரை பார்ப்போம்," என்றார்.

"எண்ணுறதுக்கு என்ட கைவிரலே போதும், மேடம்," என்றான் நோபேட்.

பஹீமா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். ஓட்டோவில் வரும்போதே இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தாள்.

பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. கட்டாரிலிருந்து அவளுடைய புருசன் றுஸ்தி. பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. "மச்சான்… எத்தின மணிக்கு? ஏன் எனக்குச் சொல்லல்ல? மையித்தை எடுக்க முந்தி ஒருக்கா வீடியோவில காட்டுங்க மச்சான்…"

யாருடைய பிரேதத்தைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பஹீமா போனை வாங்கினாள்.

"யாருட மையித்து?"

அந்தப் பக்கம் அழுகை நின்று விக்கல் பிடித்தது.

"நான்தான் பேசுறன். உயிரோடதான் இருக்கன். முதல்ல தண்ணி குடிங்க."

அவள் போனைத் தரும் நேரத்தில் டிரைவர்மாரில் ஒருவர் ஜன்னலடியில் நின்று, "அம்மோ!" என்றார்.

நாங்கள் எல்லாரும் எழும்பிப் பார்த்தோம். கல்லடிப் பாலம் வெள்ளையாக இருந்தது. இந்தக் கரை தொடங்கி அந்தக் கரை வரை தொப்பிகள். நடந்து வந்தார்கள், சைக்கிளை உருட்டி வந்தார்கள், நடுவில் பிரேதம் ஏற்றும் ஜனாஸா வாகனம் ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் கறுப்பு அபாயாக்கள். அதற்கும் பின்னால் கல்லடி, நாவற்குடாப் பெண்கள், தறியிலிருந்து எழும்பிய சேலையோடு. ஹோர்ன் இல்லை, கூச்சல் இல்லை. கீழே வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வள்ளத்தில் எழும்பி நின்றார்கள். வாவி கண்ணாடியாகக் கிடந்ததால் அவ்வளவு பேரும் தண்ணீருக்குள்ளும் நடந்து வந்தார்கள். அதனால்தான் நான் நாலாயிரம் என்கிறேன். தண்ணீருக்குள் வந்தவர்களையும் சேர்க்கத்தானே வேண்டும்!

நான் பெருநாள் கூட்டம் பார்த்தவன். தேர்தல் கூட்டம் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முதலில் படியேறி வந்தது நோபேட்டின் மனைவி திரேசம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏய் மனிசன், பஹீமா டீச்சர் செத்துப் போய்க் கிடக்கிறா, நீ இஞ்ச பேனையும் பேப்பருமா என்ன செய்றாய்?" என்றவள், அவனுக்குப் பக்கத்தில் நின்ற பஹீமாவைக் கண்டு, "மாதாவே!" என்று சுவரைப் பிடித்தாள்.

பஹீமா மெல்ல நடந்து வெளிப்படியின் தலைப்பில் போய் நின்றாள். முற்றமும் தெருவும் நிறைந்திருந்தன. யாரோ, "மையித்து எங்க?" என்று கேட்டார்.

"இந்தா நிக்கிறன்," என்றாள்.

ஸாஜித் என் காகிதத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கரண்ட்… கரண்ட் போயிற்றுங்க… நானும் மிச்சத்தை வாசிக்கல்ல…" என்று ஊரெல்லாம் கேட்க அழுதார்.

தலைவி அம்மா என் காதருகே சொன்னார்: "பிழையாக வந்தவர்களை நான் கணக்கில் எடுக்க முடியாது. விசயம் தெரிந்த பிறகும் இருக்கிறவர்களைத்தான் எண்ணலாம்."

பஹீமாவுக்கும் அது கேட்டது. இரண்டு கையாலும் படிக்கம்பியைப் பிடித்தாள்.

"என்னை அடக்கத்தான் வந்தீங்க. உங்களுக்கு ஆயிரம் தரம் நன்றி. வந்ததுக்கு ஒரு அரை மணித்தியாலம் நான் உயிரோட இருக்கிறதுக்கும் நில்லுங்க. நான் கேட்கிறது கஞ்சா." என் காக்கா ஒளித்த சொல் என்பது போல என்னை ஒருக்காப் பார்த்தாள். "கஞ்சாவில செய்யிற மருந்தெண்ணெய். அது என்ட புற்றைச் சுகமாக்காது. பொய் சொல்லமாட்டன். சத்தி நிண்டு ரெண்டு பிடி சோறு இறங்கலாம் எண்டு டொக்டர் சொல்றார். களவாக் கொண்டு வந்து தரவும் ஆள் இருந்தது. வேணாம் எண்டன். நான் படிப்பிச்ச பிள்ளைகளுக்கு முன்னால ஒளிச்சுக் குடிக்கமாட்டன். டொக்டர் எழுதணும், பார்மசியில வாங்கணும், பில்லும் தரணும். இவ்வளவுதான். விருப்பமில்லாதவங்க போங்க. கோவிக்கமாட்டன்."

ஒருவரும் போகவுமில்லை, உட்காரவுமில்லை. எல்லார் கண்ணும் பஹ்மி ஹாஜியாரிடம் போனது. ஜனாஸாக் காரியங்களுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிற துணிக்கடைக்காரர். போன வருடம் என் மனுவை நாலாகக் கிழித்து என் கையிலேயே தந்தவர். அவர் கக்கத்தில் மையித்துக்குச் சுற்றும் கபன் துணி இருந்தது, அவளுக்கென்று தன் கடையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சை விடவில்லை. எட்டு நிமிடம்! சரி, ஒரு நிமிடம்.

"ஸாஜித், இதக் கொண்டு போய்க் கடையில வை," என்றார். "இண்டைக்குத் தேவையில்ல."

சொல்லிவிட்டு வெயில் தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வயலில் காற்றுப் பட்டுக் கதிர் சாய்வதுபோல முற்றம் தாண்டி, தெரு தாண்டி, ஜனாஸா வாகனத்தின் டிரைவர் வரை உட்கார்ந்தார்கள். திரேசம்மா படியில் உட்கார்ந்து, பஹீமா விழாமல் அவள் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நோபேட் பேனையோடு இறங்கிப் போனான். வரிசை வரிசையாக நடந்தான். கடைசி ஆள் வரை போய்த் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் எழும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே தேத்தண்ணிக் கடையில் நோபேட்டின் போன் அடித்தது. தலைவி அம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஐயா, உங்கள் கையெழுத்தோடு உள்ள எண்ணிக்கையை மேலே ஒருவரும் நம்பவில்லை. ஜோடித்தது என்கிறார்கள். பட்டியல் இன்று முடிகிறது. எதிர்ப்பு மனு தந்தவர் நீங்கள், அதனால் உங்கள் வாயால் கேட்டு எழுதச் சொல்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையில் நடந்ததா?"

கடையே அவனைப் பார்த்தது. நான் வாயைத் திறக்க, அவன் கையைக் காட்டித் தடுத்தான். இவனுடைய ஒரு சொல்லில் என் தங்கச்சியின் ஒரு பிடி சோறு தொங்குகிறது. நாற்பது வருடமாக நான் சொன்ன எதற்கும் ஓம் சொல்லாத வாய் அது.

நோபேட் தேத்தண்ணியை வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"மேடம், பாலம் பதியல்ல. கதிரையும் மிதக்கல்ல. நாலாயிரம் பேரும் இல்ல. ஆயிரத்து அறுநூற்றி ஏழு பேர். ஒவ்வொரு ஆளா எண்ணினன். எல்லாருக்கும் விசயம் தெரியும், தெரிஞ்சுதான் வெயிலுக்க இருந்தாங்க." என்னை ஒருக்காப் பார்த்தான். "ஆயிரத்து அறுநூற்றி ஆறாவது ஆள் என்ட மனிசி. கடைசி ஆள் நான். எண்ணி முடிச்சிட்டு நானும் அவங்களோட தரையில இருந்தன். எழுதுங்க மேடம். நடந்தது."