நடு இருக்கை

பதினான்கடியோ பதினாறடியோ, எதையாவது வாங்கித் தொலைக்கட்டும். என்னை மட்டும் இன்னொரு தடவை அபிப்பிராயம் கேட்காமல் இருந்தால் போதும்.

ஸ்வர்ணா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காரை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் முகுந்த் லேப்டாப்பை மடியில் விரித்துக்கொண்டு, குபெர்டினோவில் வீட்டைப் பூட்டியதிலிருந்து மூன்று மணி நேரமாகப் படகுகளைப் பற்றியே பேசி வந்தான்.

“அலுமினியம்னா பாறையில பட்டா டொங்குனு சத்தம் வரும். மீன் ஓடிடும். ஃபைபர் கிளாஸ் சைலண்ட். நீ என்ன நினைக்கற?”

“ஃபைபர் கிளாஸ்.”

“ஆனா அதுல கீறல் விழும்.”

“அப்ப அலுமினியம்.”

“நீ யோசிக்காமலே சொல்ற ஸ்வர்ணா.”

பின் இருக்கையில் செழியன் சிரித்தான். முகுந்தின் டீமில் வேலை பார்ப்பவன். மீன் பிடிக்கும் கிறுக்கை முகுந்துக்கு ஏற்றிவிட்டவனே அவன்தான். “பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியில விடறதுக்கு எட்டு மாசம் எக்ஸெல் ஷீட் போட்ட ஒரே மனுஷன் உங்க வீட்டுக்காரர்தான் அண்ணி.”

“நான் சைவம்டா. வேற என்ன பண்ணச் சொல்ற? ஃப்ரை பண்ணவா?”

“எனக்குக் குடுங்க. நான் பண்ணிக்கறேன்.”

இந்த எட்டு மாதத்தில் ஸ்வர்ணாவுக்கு ட்ரிஃப்ட் போட் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்றாகிவிட்டிருந்தது. மோட்டார் கிடையாது. தட்டையான அடிப்பாகம், தூக்கிய மூக்கு, தூக்கிய வால். ஆற்றின் போக்கிலேயே மிதந்து இறங்கும். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் அலை உள்ளே வராது, ஆனால் காற்று தள்ளும். தாழ்வாக இருந்தால் காற்று தள்ளாது, ஆனால் நனைய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ‘ஆனால்’ இருந்தது. ஒவ்வொரு ‘ஆனாலு’க்கும் முகுந்த் அவளைத் தேடி வந்தான். அவள் சாம்பார் தாளிக்கும்போது, மீட்டிங்கில் மைக்கை அணைத்து வைத்திருக்கும்போது, பல் தேய்க்கும்போது. “உனக்கு எது வசதி?”

அந்தக் கேள்வியில் அவள் கொஞ்சம் இளகிப் போயிருந்தாள் என்பதையும் மறுப்பதற்கில்லை. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் வீடு வாங்கியபோதுகூட அவன் இத்தனை தடவை கேட்டதில்லை. பிப்ரவரியில் ஒருநாள் டேப்பை எடுத்து வந்து அவள் கை நீளத்தைத் தோளிலிருந்து அளந்தான். பிறந்தநாளுக்கு ஜாக்கெட் வாங்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு, தெரியாதது போல நின்றுகொடுத்தாள். பிறந்தநாள் வந்து போயிற்று. ஜாக்கெட் வரவில்லை.

இன்றைக்கு வாங்கியே ஆக வேண்டும். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுசாக எதுவும் வாங்கக்கூடாது என்று சென்னையிலிருந்து அவன் அம்மா மூன்று முறை வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். இன்று விட்டால் ஆவணிதான். அதற்குள் சீசனில் பாதி போய்விடும்.

ரெடிங் ஊரில் படகு விற்கும் டேலின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. எழுபது வயது இருக்கும் அவருக்கு. தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். ட்ரெய்லரின் மேல் வெளிர்பச்சையில் ஒரு படகு, இரு முனையும் உயர்ந்து, அப்போதுதான் எழுந்து சோம்பல் முறிப்பது போல நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஸ்வர்ணாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

டேல் ஏறிப் பாருங்கள் என்றார். முகுந்த் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான். சனிக்கிழமை ராகு காலம், இங்கத்துப் பஞ்சாங்கப்படி பதினொன்று இருபத்தைந்து வரைக்கும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று திணறி, கடைசியில் ‘குடும்பக் காரணம்’ என்றான். டேல் தலையசைத்துவிட்டுக் காப்பி கொண்டுவரப் போனார்.

ஆகவே ஒரு மணி நேரம் நான்கு பேரும் படகைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கொளுத்தும் வெயில். முகுந்த் தன் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். அப்போதுதான் டேல், துடுப்பு போடப் போவது யார், அதற்குத் தகுந்தாற்போல் துடுப்பின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும் என்றார்.

துடுப்பு போடுபவர் ஐந்தடி இரண்டு அங்குலம், நூற்று நாற்பது பவுண்டு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை இருபத்தொரு அங்குலம் என்று முகுந்த் ஆங்கிலத்தில் ஒப்பித்தான்.

இரண்டு வருடமாக ஸ்வர்ணா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத எடை அது. டேல் திரும்பி அவளைப் பார்த்துக் கண்ணியமாகப் புன்னகைத்தார். நடு இருக்கை உங்களுடையதா, இந்தப் படகுக்கே முதலாளி அதுதான் என்றார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மீன் பிடிப்பார்கள். நடுவில் இருப்பவர் ஆறு இழுக்க இழுக்கத் துடுப்பைப் பின்னோக்கி வலித்து, படகை மெதுவாக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க. அவருக்குத் தூண்டில் போட நேரம் இருக்காது.

“என்ன இது?” என்றாள் ஸ்வர்ணா தமிழில், தாழ்ந்த குரலில்.

“என்ன என்ன இது? எட்டு மாசமா உன்கிட்டதானே கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“வசதியானு கேட்ட. நான்தான் துடுப்பு போடணும்னு சொல்லலையே.”

“நீதான் மீன் பிடிக்க மாட்டியே. சும்மாதானே உக்காந்திருக்கப் போற?” அவன் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. “உனக்காகத்தான் லைட் வெயிட்டா தேடினேன். உனக்காகத்தான் சைடு தாழ்வா.”

“நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி போடுங்களேன்.”

“இவனுக்குத் தோள் ப்ராப்ளம். நான் போட்டா யாரு பிடிக்கறது?”

செழியன் தரையைப் பார்த்தான். “அண்ணிக்குத் தெரியும்னு நினைச்சேன். அவங்கதான் கேப்டன்னு சொன்னீங்க.”

“ஸ்வர்ணா பிரமாதமா பண்ணுவாடா. எதைக் குடுத்தாலும் ஒரு மாசத்துல கத்துப்பா. அக்டோபர் வரைக்கும் எல்லா சனிக்கிழமையும் வந்தா போதும்.”

பிரமாதமாகப் பண்ணுவாள். அது உண்மை. படகைப் பார்த்தபோதே அவள் கைகள் துடுப்பு வலிக்கும் விதத்தை ஊகித்துவிட்டிருந்தன. எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அதில்தான் ஆபத்து. நன்றாகச் செய்வாள் என்பதாலேயே வருமான வரி அவளிடம் வந்தது, கோவில் விழாவின் சாப்பாட்டுப் பொறுப்பு வந்தது, மாமியாரின் விசா வந்தது. சனிக்கிழமை மட்டும்தான் எதுவும் வராமல் கிடந்தது. அன்று அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பத்து மணிவரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். தான் யாருக்கும் எதுவாகவும் இல்லாத அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் யோசனைகள் தாமாக வந்து போகும். இதை ஒரு காரணம் என்று யாரிடம் சொல்வது?

இதுவரைக்கும் அவள் எதையும் மறுத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. முதுகு வலி, ஆபீஸில் ரிலீஸ், விரதம். சாக்கு சொன்னால் முகுந்த் அதைத் தீர்த்து வைத்துவிடுவான். முதுகுக்குத் தலையணை, ரிலீஸுக்கு வேறொரு தேதி. தீர்ப்பதில் கெட்டிக்காரன்.

அவன் ஃபோனில் அலாரம் அடித்தது.

“பதினொண்ணு இருபத்தஞ்சு. முதல்ல நீ ஏறி உக்காரு. வீட்டு லட்சுமி உக்காந்ததும் டேல்கிட்ட ஓகே சொல்லிடலாம்.” அவன் ட்ரெய்லர் சக்கரத்தின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினான்.

ஸ்வர்ணா அந்தக் கையைப் பார்த்தாள். கோபம் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது.

“இல்ல முகுந்த். நான் ஏறல.”

“ஏன், தண்ணி பயமா? லைஃப் ஜாக்கெட் போட்டுக்கலாம்.”

“பயம் இல்ல.”

“கை வலிக்கும்னு பாக்கறியா? சின்ன துடுப்பா வாங்கலாம்.”

“வலி இல்ல.”

“பின்ன என்ன?”

“ஒண்ணும் இல்ல. நான் துடுப்பு போடமாட்டேன். நீ படகு வாங்கணும்னா வாங்கு.”

மீதியையும் சொல்வாள் என்று அவன் கையை நீட்டியபடியே காத்திருந்தான். அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, வேறெதுவும் சொல்லவுமில்லை.