நாய்க்கு ஒத்துக்கொள்ளாத சோறு

1974 மார்ச் முதல் வாரத்தில், மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவின் நாய்க்கு வயிற்றுப்போக்கு கண்டது.

நாய்க்கு அவித்துப் போட்டு, கூண்டைக் கழுவுவது வேலாயியின் வேலை. கண்டியிலிருந்து வந்த மிருக வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு, சோற்றிலும் இறைச்சியிலும் அவித்த பூசணி கொஞ்சம் பிசைந்து வைக்கச் சொல்லிப் போனார். பூசணியின் நார் குடலில் உள்ள தண்ணீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குமாம். துரைசாணி இதைத் தனக்குத் தெரிந்த தமிழில் வேலாயிக்கு விளக்கினாள்.

வேலாயியின் கையில் அந்தக் 'கொஞ்சம்' நாளுக்கு நாள் கூடியது. நாடெங்கும் பஞ்சம்; தொழிலாளர் குடியிருந்த லயங்களில் அப்போது அரிசியுமில்லை, மாவுமில்லை. மரவள்ளிக் கிழங்கும் பறித்து வந்த கீரையும் எத்தனை நாளைக்கு? அவள் புருஷன் கறுப்பையாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறியவன் வாசல்படி இறங்கவே சுவரைப் பிடித்தான். சோறு விழுந்தால் வீக்கம் வடியும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சோறுதான் இல்லை.

சமையற்காரர் பளீல் நாய்க்கு அளந்து தரும் சோற்றையும் இறைச்சியையும் அவள் வாழையிலையில் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டாள். கிண்ணத்தில் பூசணியை நிரப்பி, வாசத்துக்கு இறைச்சி அவித்த தண்ணீரை ஊற்றினாள். நாய் வித்தியாசம் பார்க்கவில்லை.

"இன்னைக்கு நாய்க்கு என்ன கறி, புள்ள?" என்பான் கறுப்பையா.

மாட்டிறைச்சி என்று தெரிந்த முதல் நாள் அதை ஓரமாக ஒதுக்கி வைத்தான். இரண்டாம் நாள் ஒதுக்கவில்லை. "நாய் பங்கத் திங்கிறவன் ஆடா மாடான்னு கேக்கலாமா?" என்றான்.

கால் வீக்கம் மெல்ல வடிந்தது. அடுத்த மாதம் வேலைக்குப் பேர் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாயும் தேறியது. கொழுத்துத் தொங்கிய அதன் வயிறுகூட ஒடுங்கியிருந்தது.

கூண்டுப் பக்கமே வராத துரைசாணி ஒரு மத்தியானம் வந்து நின்றாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். மஞ்சளைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை.

"சோறு எங்கே, வேலாயி?"

சோறு அவள் மடியில் சூடாக இருந்தது.

"சோறு ஒத்துக்கலீங்கம்மா. போட்டா கழியுது. அதான் பூசணி மட்டும் வைக்கிறேன். இப்ப கெட்டியா போகுது, பாருங்க."

கூண்டின் மூலையைக் காட்டினாள். துரைசாணி குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. படித்த வைத்தியருக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறதே என்று வேலாயியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நேரே குசினிக்குப் போய்ப் பளீலிடம், இனி நாய்க்குச் சோறே வேண்டாம், இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும், அதையும் நானே ஊட்டிக்கொள்கிறேன் என்றாள்.

அவள் போன பிறகு, மறுநாளைக்கென்று எடுத்து வைத்திருந்த அரிசியைப் பளீல் திரும்ப டின்னில் கொட்டினார்.

"ஒங்கட வாயாலேயே கெடுத்துக்கிட்டீங்களே, தங்கச்சி" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது வேலாயிக்கு அப்போதுதான் புரிந்தது.

கறுப்பையா கேட்டுவிட்டுச் சிரித்தான். "டாக்டரம்மா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், புள்ள." கடைசிக் கவளத்தை வெகுநேரம் மென்றான்.

அதற்குப் பிறகு அவள் மடியில் வந்தவை பூசணித் தோலும் உள்ளேயிருந்து வழித்த குடலும். கீரையோடு அவித்துக் கொடுத்தாள். நாயின் வயிற்றைக் கட்டிய பூசணி அவன் வயிற்றில் நிற்கவில்லை. கால்கள் மறுபடி வீங்கின, பிறகு முகம்.

மே மாதக் கடைசியில் கறுப்பையா செத்தான். வயிற்றுப்போக்கு என்றார்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில்.

காரியம் முடிந்த மறுநாள் வேலாயி பங்களாவுக்குப் போய் பூசணி அவித்தாள். நாய் கிண்ணத்தை நக்கித் துடைத்தது.